எஞ்சியிருப்பவருக்கும் உகந்த நாடு எது?

பணி ஓய்வுக்குப் பின் குடும்பத்துடன் அயல்நாட்டில் குடியேற எண்ணும்போது, தட்பவெப்பத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஒப்பிட்டே நாம் நாட்டைத் தேர்கிறோம். அவை மட்டும் போதா என்பது நம் கருத்து.

முதலில் நோக்க வேண்டியது தங்கும் உரிமை. தாய்லாந்தில் 50 வயது நிறைந்தோர், 8 லட்சம் பாட் வங்கி வைப்பு போன்ற தகுதிகளின் பேரில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம். ஆயினும் அந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோருக்குரிய சூப்பர் விசா ஒரு வருகைக்கு 5 ஆண்டுகள் வரை தங்க இடமளிக்கிறது. அது நிரந்தரக் குடியிருப்பு அன்று. மருத்துவக் காப்பீட்டையும் தனியே பெற்றாக வேண்டும்.

அடுத்தது பணம். இந்தியாவில் வசிப்பவர் என்னும் நிலை மாறியதும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டியில் 30 விழுக்காட்டு வரியும் செஸ்ஸும் பிடிக்கப்படும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடாயின் இது குறையக்கூடும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிய கணக்குத் தொடங்க இயலாது. ஓய்வூதியம் ரூபாயில் வரும். செலவோ அந்நாட்டு நாணயத்தில் அமையும். ரூபாயின் மதிப்புச் சரியும்போதெல்லாம் நம் மாத வருவாயும் சுருங்கும்.

இவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கணவன், மனைவி இருவருள் ஒருவர் முந்திச் செல்வது இயற்கை. ஒருவரது விசாவைச் சார்ந்து மற்றவர் தங்கியிருப்பின், அவரது உரிமை அன்றே கேள்விக்குள்ளாகலாம். மொழி அறியாத ஊரில், மருத்துவமனைக்கும் வங்கிக்கும் தனியே சென்று பழகாத ஒருவர் என் செய்வார்? பிள்ளைகள் அருகில் இருப்பார்களே எனலாம். வேலை மாறினால் அவர்களும் ஊர் மாற நேரிடும்.

எனவே, எஞ்சியிருப்பவர் தனித்து வாழ இயலாத நாடு எத்துணை அழகியதாயினும் நமக்கு உகந்ததன்று. தேர்ந்த நாட்டில் முதலில் ஓராண்டு வாடகை வீட்டில் வாழ்ந்து பார்ப்போம். அதுவரை இங்குள்ள வீட்டை விற்க வேண்டா. புறப்படுமுன் கணக்குகளுக்கு நியமனதாரரைப் பதிந்து, உயில் எழுதி, அவற்றின் விவரங்களை வாழ்க்கைத் துணையும் அறியச் செய்வோம். திரும்பி வர ஒரு வீடும், அதை நடத்தப் பணமும் உள்ளவரே அச்சமின்றிப் புறப்பட இயலும்.