அண்டாவுக்கு அஜீரணம்

மணிமங்கலம் என்றால் உங்களில் சிலருக்குச் சரித்திரப் பாடம் ஞாபகத்துக்கு வரலாம். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவனிடம் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி முதுகைக் காட்டி ஓடிய இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. கூரம் செப்பேட்டிலேயே பெயர் இருக்கிறது. எனக்கு மணிமங்கலம் என்றால் காலை 6.40 கம்பெனி பஸ். டிபன் பாக்ஸும் ஐ.டி. கார்டுமாக அதைப் பிடிக்க ஓடும்போதெல்லாம் புலிகேசியின் மனநிலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

பஸ் படப்பை வழியாக ஒரகடம் போகும். கம்பெனி பெயர் வேண்டாம், இன்க்ரிமென்ட் வரவேண்டியிருக்கிறது. மூன்று ஷிப்ட், தினம் சுமார் மூவாயிரம் சாப்பாட்டுத் தட்டு. அந்த கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு வருஷம் முன்பு ஒரு பெரிய தொட்டி கட்டி, அதன்மேல் இரும்பு டிரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். திறப்பு விழாவில் 'பயோ கேஸ் பிளான்ட்' என்று பலகை மாட்டினார்கள். நாங்கள் வைத்த பெயர் அண்டா.

அண்டாவின் வேலை ரொம்ப சிம்பிள். தட்டில் மீந்த சாதம், சாம்பார், காய்கறித் தோல் எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீர் கலந்து உள்ளே விடுவார்கள். காற்றே புகாத இருட்டில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும். ஒரு கோஷ்டி சோற்றைக் கரைக்கும், அடுத்த கோஷ்டி அதை அமிலமாக்கும், கடைசி கோஷ்டி அமிலத்தைச் சாப்பிட்டு மீத்தேன் வாயுவாக விடும். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். கிட்டத்தட்ட பசுமாட்டின் வயிறு. அதனால்தான் முதல் நாள் சாணியைக் கரைத்து ஊற்றி ஆரம்பிப்பார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி.

வருகிற வாயுவில் 60 சதவீதம் போல மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே அழுகின முட்டை நாற்றத்தோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. அது பர்னரையும் குழாயையும் அரித்துவிடும். எங்கள் மெயின்டனன்ஸ் ஆசாமி ஒருவர், லேத் மெஷினில் விழுந்த துருப்பிடித்த இரும்புப் பிசிறுகளை ஒரு டப்பாவில் அடைத்து, வாயுவை அதன் வழியாக விட்டார். நாற்றம் போயே போச்சு. துருவுக்கும் கந்தகத்துக்கும் அப்படி ஒரு ஈர்ப்பு. கம்பெனியில் அவருக்கு ஒரு டைரியும் பேனாவும் பரிசு கொடுத்தார்கள்.

* * *

இதெல்லாம் ஏதோ நேற்று வந்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். 1776-ல் இத்தாலிக்காரர் வோல்ட்டா (பேட்டரி கண்டுபிடித்தாரே, அவரேதான்) மாஜியோரே ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி, வந்த குமிழிகளைப் பிடித்துப் பற்ற வைத்துப் பார்த்தார். 1895-ல் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில் சாக்கடை வாயுவில் தெருவிளக்கு எரிந்தது. 1897-ல் பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளிகள் இல்லத்தில் மனிதக் கழிவிலிருந்தே வாயு எடுத்தார்கள். ஸ்வீடனில் லிங்ஷெப்பிங் ஊரில் டவுன் பஸ்களே இந்த வாயுவில்தான் ஓடுகின்றன; 2005-ல் ரயிலே விட்டுப் பார்த்துவிட்டார்கள்.

நம் நாட்டில் பெரிய உதாரணம் இந்தூர். 2022 பிப்ரவரியில் அங்கே திறந்த ஆலையின் திறன், நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பை. அதிலிருந்து சுமார் 17 ஆயிரம் கிலோ சி.என்.ஜி. கிடைக்கும் என்பது கணக்கு. கரியமில வாயுவைக் கழித்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேல் மீத்தேனாகச் சுத்தம் செய்து அழுத்தி அடைத்தால், பெட்ரோல் பங்க்கில் ஆட்டோவுக்குப் போடுகிற சி.என்.ஜி.யும் இதுவும் ஒன்றுதான். பஸ் டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது.

இந்தூர் கணக்கை வைத்து, மதியம் தூக்கம் வந்த ஒரு நாள் எக்ஸெல் ஷீட்டில் எங்கள் அண்டாவுக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு டன்னுக்கு சுமார் 31 கிலோ. எங்கள் கேன்டீன் கழிவு ஒரு நாளைக்கு 200 கிலோ. அப்படியென்றால் தினம் ஆறு கிலோ சொச்சம். சூட்டில் இதுவும் எல்.பி.ஜி.யும் கிலோவுக்குக் கிலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, மூன்று நாளைக்கு ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர் மிச்சம். நாம் தட்டில் மீதி வைக்கிற ஒரு கரண்டி சாதத்துக்கு இவ்வளவு மகிமை. (மீதி வைக்காமல் சாப்பிட்டால் இன்னும் மகிமை. அதை அம்மா சொல்லிக் கேட்காதவன், எக்ஸெல் ஷீட் சொல்லியா கேட்கப் போகிறேன்?)

இதே சோற்றைக் குப்பை மேட்டில் கொட்டினாலும் அது சும்மா இருக்காது. அடியில் காற்றில்லாமல் அழுகி அங்கேயும் மீத்தேன்தான் விடும், பிடிக்கத்தான் ஆள் இருக்காது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிற வாயு. தவிர, தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்து புகைந்தது ஞாபகம் இருக்கலாம்.

* * *

அண்டா நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, போன வருஷம் ஆயுத பூஜை வரை.

ஃபேக்டரியில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாழைக்கன்று, சி.என்.சி. மெஷினுக்குச் சந்தனப் பொட்டு, எல்லோருக்கும் இலை போட்டு வடை, பாயசம், மூன்று வகைப் பொரியல். சாயங்காலம் பார்த்தால் மலை மாதிரி மிச்சம். 'இன்னிக்கு அண்டாவுக்கும் விருந்துதான்' என்று யாரோ ஒரு புண்ணியவான் அத்தனையையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டார். பாயசம், சுண்டல், பொரி, வாழை இலை, நார், மாலை, எல்லாம்.

மூன்றாம் நாள் அடுப்பு பற்றவில்லை. டிரம் எழும்பித்தான் இருந்தது. ஆனால் தீக்குச்சியைக் காட்டினால் புஸ்ஸென்று அணைந்தது. தொட்டியில் நுரை பொங்கி வழிந்தது. புளித்த நாற்றம் அட்மின் பிளாக் வரை வந்தது. அட்மின் பிளாக் வரை வந்ததால் அது உடனே கம்பெனிப் பிரச்னை ஆயிற்று.

கேன்டீன் சூப்பர்வைஸர் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: "அஜீரணம் ஸார்."

நூற்றுக்கு நூறு சரி. ஒரேயடியாகத் தீனி விழுந்தால் அமிலம் தயாரிக்கிற கோஷ்டி ஓவர்டைம் பார்க்கும். மீத்தேன் கோஷ்டியால் ஈடுகொடுக்க முடியாது. தொட்டி புளித்துப் போகும், வாயுவில் கரியமில வாயு கூடிவிடும், தீப்பற்றாது. போதாக்குறைக்கு வாழை இலையும் நாரும் உள்ளே போகும் குழாயில் பந்து மாதிரி சுருண்டு அடைத்துக்கொண்டன.

அப்போதுதான் அது நடந்தது. கான்ட்ராக்டில் வேலைக்கு வந்திருந்த ஒரு பையன், இருபது வயது இருக்கும், சட்டையைக் கழற்றிவிட்டு, "மூடியைத் திறங்க அண்ணாச்சி, நான் இறங்கி ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன்" என்றான். நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் படித்தவர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். சீக்கிரம் முடிந்தால் சரி என்று வாட்ச்சைப் பார்த்தேன்.

அண்ணாச்சி அவன் கையைப் பிடித்து இழுத்தார். "ஏலே, உள்ளே ஒரு மூச்சு இழுத்தா வெளியே வரமாட்டே. உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்லுறது?"

அந்த ஹைட்ரஜன் சல்பைடு விஷயம் அப்படி. கொஞ்சமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும். அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரக்கச் செய்யும். நாற்றம் இல்லையே என்று நினைக்கும்போது ஆள் சாய்ந்திருப்பான். தூக்கப் போகிறவனும் சாய்வான். கழிவுநீர்த் தொட்டிகளில் ஆட்களைப் பாதுகாப்பின்றி இறக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. பேப்பரில் அப்புறமும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

பையன் சட்டையை மாட்டிக்கொண்டான். நீளக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, வெளியே நின்றபடியே அடைப்பை எடுத்தார்கள். ஒரு நிமிஷ வேலைக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆகட்டுமே.

* * *

மேலிடத்திலிருந்து ஓர் ஈமெயில் வந்தது. தீபாவளிக்குள் அண்டா சரியாகாவிட்டால் பிரித்துக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று. பழையபடி லாரியில் குப்பை வெளியே போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வைத்தியம் மனிதர்களுக்குச் சொல்வதேதான்: லங்கணம் பரம ஔஷதம். தீனியை நிறுத்து, புளிப்பு முறியக் கொஞ்சம் சுண்ணாம்பு, புதுசாகச் சாணிக் கரைசல், பொறுமை. சாணி சப்ளைக்கு, 'ஊர்க்காரர்' என்கிற ஒரே தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எம்.பி.ஏ. படித்ததற்கு இதுவரை கிடைக்காத முழுப் பொறுப்பு. மணிமங்கலத்தில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். குட்டி யானையில் சாணி ஏறுவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏன் சார், உங்க கம்பெனியில இத்தெ வெச்சா காரு செய்யறாங்க?"

"இல்லைம்மா, சோறாக்க."

அவர் அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தக் காத்திருப்பில் கோயம்பேட்டை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அங்கே மார்க்கெட் காய்கறிக் கழிவிலிருந்து கரண்ட் எடுக்க 2005-ல் ஒரு நிலையம் வந்தது. திறன் தினம் 30 டன். அன்றைக்கு ரொம்பப் பெருமையாகப் பேசப்பட்ட விஷயம். பிற்பாடு திறனுக்குக் குறைவாக ஓடி, நின்றும் போனது. இப்போது சேத்துப்பட்டில் மாநகராட்சியின் பயோ சி.என்.ஜி. நிலையம் வந்திருக்கிறது. இந்தூரில் ஆலை பெரிசு என்பதல்ல ரகசியம். வீட்டு வாசலிலேயே குப்பையை ஆறு வகையாகப் பிரித்து வாங்குகிறார்கள். 2016-லேயே நாடு பூராவுக்கும் விதி வந்தது, மக்குவது, மக்காதது, ஆபத்தானது என்று குறைந்தது மூன்றாகப் பிரிக்கச் சொல்லி. என் வீட்டில் அன்றைக்கு ஒரே பக்கெட்தான் இருந்தது என்பதைத் தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அண்ணாச்சி தீக்குச்சி காட்டினார். நீலமாகப் பற்றியது. முதல் டீயை எனக்குத்தான் கொடுத்தார். 'சாணி மேனேஜர்' என்ற பட்டமும் கூடவே வந்தது.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அண்டா ஓடுவதற்கு உண்மையான காரணம் அண்ணாச்சியோ இரும்புப் பிசிறோ இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சைத் தொட்டியில் விழுவதை மறுபடி கையால் கிளறிப் பிரிக்கிற ஓர் அக்கா. ஸ்பூன், தயிர் கப் மூடி, ஊறுகாய் பாக்கெட் எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது அவர்தான். நாங்கள் மூன்று ஷிப்டும் சேர்ந்து ஒழுங்காகப் போடாததை அவர் ஒருவர் எடுக்கிறார்.

போன மாதம் அவர் விரலில் கட்டு. "என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"பல்லு குத்துற குச்சி சார். கிளவுஸ் போட்டாலும் பூந்துடுது. அது மிஷின்லயும் அரையாது, உள்ள போனாலும் கரையாது. பம்ப்புல போய் சிக்கிக்கும்னு அண்ணாச்சி திட்டுவாரு." அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யாரோ ஒருத்தர் சார், தெனமும் வாழப்பழத் தோலுல அழகா குத்தி வெக்கறாரு. நல்ல மனுஷன்தான் போல. கீழ போடக்கூடாதுன்னு நெனக்கிறாரு பாரு."

மதியச் சாப்பாடு, ஒரு வாழைப்பழம், ஒரு குச்சி. வேலை முடிந்ததும் குச்சியைத் தோலில் செருகி, தோலை மடித்து, பச்சைத் தொட்டியில் போடுவது. ஆறு வருஷப் பழக்கம். அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"அப்படியாக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். புலிகேசிக்கு அப்புறம் மணிமங்கலத்தில் முதுகைக் காட்டியவன் அநேகமாக நான்தான்.

இப்போதெல்லாம் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன், நீலத் தொட்டி கண்ணில் பட்டால் போடலாம் என்று. சில நாள் மறந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது என் மனைவி ஒரே பையிலிருந்து பதினோரு குச்சிகளை எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, "இது என்ன, வேண்டுதலா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அக்காவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.