பள்ளி வாயிலில் நிறுத்தப்பட்ட சிறுமியர்

வளரிளம் பருவத்தில் தாயாகும் பெண்களின் எண்ணிக்கை உலக அளவில் குறைந்து வருவது மகிழ்ச்சி தரும் செய்தியே. 15 முதல் 19 வயதுவரையுள்ள ஆயிரம் பெண்களுக்கு 2000ஆம் ஆண்டில் 64க்கு மேல் இருந்த பிள்ளைப்பேறு, 2023இல் 41ஆகக் குறைந்துள்ளது. ஆனால் இந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும் நாடுகள் பல. மேற்கு ஆப்பிரிக்காவின் சியேரா லியோன் அவற்றுள் ஒன்று.

2014இல் எபோலா நோய் பரவியபோது அந்நாட்டுப் பள்ளிகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. பெற்றோரை இழந்த சிறுமியர் சிலர் உணவுக்காகவே ஆண்களைச் சார்ந்திருக்க நேர்ந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் உண்டு. அந்நாட்களில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பெண்கள் கருவுற்றதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணக்கிட்டது. 2015 ஏப்ரலில் பள்ளிகள் மீண்டும் திறந்தன. கருவுற்ற மாணவியர் மட்டும் உள்ளே வரக்கூடாது, தேர்வும் எழுதக்கூடாது என்றது அரசு. அவர்களைப் பார்த்து மற்ற மாணவியரும் கெட்டுப்போவார்களாம்! சில பள்ளிகளில் மாணவியரின் வயிற்றைத் தொட்டுச் சோதித்த அவலமும் நடந்தது. அக்குழந்தைகளின் தந்தையரை எந்த வாயிலிலும் யாரும் நிறுத்தவில்லை.

அந்தப் பேச்சு நம் ஊர்களுக்கும் புதிதன்று. கருவிலுள்ள உயிரைக் காக்க வேண்டும் என்று உரக்கச் சொல்பவர்கள் நாம். அந்த உயிரைச் சுமப்பவளைத் தெருவில் நிறுத்திவிட்டு அதை எப்படிச் சொல்வது? உடல் முழுமையாக வளருமுன் பிள்ளை பெறுவதே பேராபத்து. பிரசவம் நாட்கணக்கில் நீடித்துச் சிறுநீர்ப்பையில் துளை விழுந்து, ஓயாத சிறுநீர்க் கசிவால் சொந்த வீட்டாராலேயே ஒதுக்கப்படும் பெண்கள் இருக்கிறார்கள். குழந்தையும் எடை குறைந்தே பிறக்கக்கூடும். இத்தனைக்கும் மேலாக அவளுடைய படிப்பையும் பறித்தால், அந்த வறுமை அவளோடு நிற்பதில்லை, அவள் பிள்ளையையும் சேர்கிறது.

கருவுற்ற மாணவியருக்கெனத் தொடங்கிய தனி மையங்களில் வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு, நான்கே பாடங்கள். 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் இத்தடை பாகுபாடானது எனத் தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. 2015இல் 15 வயதாயிருந்த சிறுமிக்கு அப்போது 20 வயது.

சிறுமியரை மணக்கும் ஆண்களுக்கு இத்தகைய கடும் தண்டனை வர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலையில் வந்த சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பெண்ணை மணக்கும் ஆணுக்குக் குறைந்தது 15 ஆண்டுச் சிறை. அத்திருமணத்துக்குத் துணைபோகும் பெற்றோரும் தண்டனைக்கு உரியவர்களே.