வள்ளி கல்யாணமும் ஐந்து மணி ஜீப்பும்

ஸ்பெஷல் நாடகம் என்றால் பட்டணத்து ரஸிகர்களில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒத்திகை கிடையாது, கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது. இப்படியும் ஒரு நாடகம் உண்டா என்று கேட்கிறார்கள். "தாங்கள் எப்போதாவது இரவு முழுவதும் உட்கார்ந்து ஒன்று பார்த்திருக்கிறீர்களா?" என்று நாம் திருப்பிக் கேட்டால், உடனே பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவிவிடுகிறது.

ஒத்திகை இல்லை என்பது மெய்தான். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் அம்மாள் மதுரையிலிருந்து வருவாள். பபூன் திண்டுக்கல்லாக இருப்பார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே முன்பணம் கொடுத்துத் தேதி வாங்குகிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் முகத்தில் பவுடர் பூசிக்கொள்ளும் சமயத்தில்தான் அன்றைய முருகனும் அன்றைய வள்ளியும் ஒருவருக்கொருவர் நமஸ்காரம் சொல்லிக்கொள்கிறார்கள். அப்புறம் எட்டு மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லாமல் நாடகம் நடந்துவிடுகிறது. கதை எல்லாருக்கும் தெரியும்; பாட்டுக்கள் பாடம்; வசனம் அவரவர் சாமர்த்தியம். இதற்கெல்லாம் அஸ்திவாரம் போட்டவர் சங்கரதாஸ் ஸ்வாமிகள். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்த அந்தப் பெரியார், 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திப் பையன்களைப் பழக்கினார். அந்தச் சபையும் அது போன்ற சபைகளும் எப்போதோ மறைந்துவிட்டன. பேசும் படம் வந்தது, டெலிவிஷன் வந்தது, இப்போது கைக்குள் அடங்கும் டெலிபோனிலேயே சினிமா ஓடுகிறது. ஆனாலும் மதுரைச் சீமையிலே பல கிராமங்களில் அம்மன் பொங்கல் என்றால் "வள்ளி திருமணம்" இல்லாமல் முடிவதில்லை.

போடிநாயக்கனூரில் நமக்குத் தெரிந்த அன்பர்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை குடும்பத்தோடு கூடி ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் போய் வருவது என்பது சங்கத்தின் விரதம். கச்சேரி, கதாகாலட்சேபம், பொருட்காட்சி எல்லாம் ஆகிவிட்டபடியால், இந்தச் சித்திரையில் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நடந்த "வள்ளி திருமண"த்துக்குப் போவதென்று தீர்மானம் செய்து நமக்கும் அழைப்பு அனுப்பினார்கள். அங்கத்தினர்களில் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆகியோர் போக, மற்றவர்கள் ஏலக்காய்க்காரர்கள். மலை மேலே எஸ்டேட் உள்ளவர்கள் சிலர், கீழே வியாபாரம் செய்கிறவர்கள் சிலர். போடியில் ஏலக்காயைத் தவிர்த்து ஒரு சங்கம் கூட்டுவது கஷ்டம்!

மதுரையிலிருந்து நாம் ரயிலிலேயே போனோம். 1928-ல் திறந்த இந்தப் பாதையின் தண்டவாளங்களை யுத்தத்துக்காக 1942-ல் பெயர்த்துக்கொண்டு போனார்கள், பிறகு போட்டார்கள், 2010 கடைசியில் அகலப்படுத்துவதற்காக மறுபடியும் மூடினார்கள். 2023 ஜூன் மாதத்தில்தான் போடி வரையில் ரயில் திரும்பி வந்தது. நடிகர்களோ பஸ்ஸையும் காரையும் நம்பித்தான் இருக்கிறார்கள். பொழுது விடிந்ததும் புறப்பட்டு, மறுநாள் இரவு வேறொரு ஜில்லாவில் வேஷம் கட்ட வேண்டியவர்களுக்கு ரயில்வே அட்டவணை ஒத்து வருமா?

நோட்டீஸில் "இரவு சரியாக 10 மணிக்கு" என்று போட்டிருந்தது. ஆகையால் பத்தே முக்காலுக்கு ஹார்மோனியம் ஆரம்பித்தது. சங்கத்தாருக்காக முன் வரிசையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஊர் ஜனங்கள் பின்னால் சாக்கிலும் பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் மட்டும் இருநூறு பேருக்குக் குறையாது. குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு, தலைக்கட்டு வரி கொடுத்தவர்களுக்குரிய தோரணையோடு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் இரண்டு மணி நேரம் பபூனுடைய ராஜ்யம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சில ஹாஸ்யங்கள் நன்றாயிருந்தன. சில ஹாஸ்யங்களுக்கு நம் பக்கத்திலிருந்த தாய்மார்கள் மேலே நட்சத்திரங்களை எண்ண ஆரம்பித்தார்கள். சங்கத்து அன்பர் ஒருவர் பபூனின் சட்டையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் குத்தினார். ஹார்மோனியக்காரர் அவருடைய பெயரை மூன்று தடவை ஒலிபெருக்கியில் சொன்னார். மூன்றாவது தடவைதான் அவர் முகத்தில் பூரண திருப்தி ஏற்பட்டது.

ஒரு மணிக்கு மேல் கதை ஆரம்பமாயிற்று. வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் ஏறினாள். பரண் என்பது ஒரு மர பெஞ்சி. புனம் என்பது கிழிந்த திரை ஒன்றில் எழுதிய மலை. நாற்காலியில் இருந்த இளைஞர் ஒருவர் அந்தத் திரையைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே, நிஜ மலை இருட்டில் பெரிதாக நின்றது; போடிமெட்டுச் சாலையில் லாரி ஒன்றின் விளக்கு வளைந்து வளைந்து மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தினந்தோறும் ஏறி இறங்குகிறவர்களுக்குத் திரையில் எழுதிய மலை எதற்கு?

வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டினாள். அப்போது தமிழாசிரியர் நம் காதோடு விசுவநாத தாஸைப் பற்றிச் சொன்னார். சிவகாசியில் 1886-ல் பிறந்த அந்த நடிகர், இதே நாடகத்தில் பறவை விரட்டுகிற சாக்கில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். கொக்கு எந்தச் சீமைக் கொக்கு என்பது ஜனங்களுக்கும் தெரியும். கொட்டகை வாசலில் நின்ற போலீஸாருக்கும் தெரியும். எத்தனையோ முறை அவரைக் கைது செய்தார்கள். சர்க்கார் செய்தது ஒரு புறம் இருக்க, அவர் பிறந்த ஜாதியைக் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. சர்க்கார் செய்ததைவிட இதுவே நமக்கு அதிகமாக உறுத்துகிறது. 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில், முருகன் வேஷத்தில் மயில் வாகனத்தின் மீது பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

மேடையில் நாரதர் வந்தார், தர்க்கம் தொடங்கியது. ஸ்பெஷல் நாடகத்தின் ஜீவன் இந்தத் தர்க்கத்தில்தான் இருக்கிறது. எழுதி வைத்த வசனமாயிருந்தால் அடுத்த வார்த்தை நடிகருக்குத் தெரிந்திருக்கும். இங்கே நாரதர் என்ன கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. வள்ளி என்ன சொல்வாள் என்று நாரதருக்கும் தெரியாது. மடங்கிவிட்டால் மானம் போய்விடும். "இந்தக் காட்டிலே ஒரு பெண் தனியாகக் காவல் இருக்கலாமா?" என்று நாரதர் கேட்டார். "பெண் மலைக்கு வராவிட்டால் உங்கள் வீட்டு உலையில் எது கொதிக்கும், ஸ்வாமி?" என்றாள் வள்ளி. பின்னால் பெண்கள் பக்கத்தில் எழுந்த குலவைச் சத்தம் அடங்க வெகு நேரம் பிடித்தது. நாரதர் ஹார்மோனியக்காரரைத் துணைக்குப் பார்த்தார், அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தாரில் பாதிப் பேர் இந்த அருமையான கட்டத்தில் தூங்கிவிட்டார்கள் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

வேடன் வந்து மானைத் தேடினான். வளையல் செட்டி வந்தான். கிழவர் வந்து தேனும் தினைமாவும் கேட்டார். யானை வரவேண்டிய சமயத்தில், சாலையிலிருந்து ஜீப்புகளின் ஹாரன் கேட்டது. மணி ஐந்து ஆகவில்லை. உடனே பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஒவ்வொருவராக எழுந்தார்கள். தூங்குகிற குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்தார்கள், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார்கள், வேலைக்குக் கட்டுகிற பழைய சட்டையைப் புடவையின் மேல் மாட்டிக்கொண்டே போனார்கள். கால் மணிக்குள் அந்தப் பக்கத்தில் சாக்குகள்தான் மிச்சம்.

காய் எடுக்கிற பருவம் இன்னும் வரவில்லை. களை எடுப்பும் தண்ணீர் பாய்ச்சலுமாக மலையில் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. போடி, தேவாரம், கம்பம் பக்கங்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, எல்லை தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிற ஸ்திரீகள் ஆயிரக்கணக்கானவர்கள். ஏலக்காய்ச் சரம் தூரை ஒட்டித் தரையோடு படர்கிறது. நாள் முழுவதும் குந்திக்கொண்டே நகர்ந்து, முற்றின காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும்.

எழுந்து போன ஒரு மூதாட்டியிடம், "அம்மா, இன்னும் ஒரு மணி நேரந்தானே, கல்யாணம் ஆகிவிடுமே!" என்றோம்.

"ஐயா, முப்பது வருஷமா இந்த நாடகத்தைப் பார்க்கிறேன். வள்ளி கழுத்திலே தாலி ஏறி நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பை நோக்கி ஓடினாள்.

ஆறு மணிக்கு வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் நடந்தது. தூக்கம் தெளிந்த சங்கத்தாரும், தூங்காத கிழவர்கள் சிலரும் அட்சதை போட்டோம்.

காப்பிக் கடையில் இது பற்றிப் பலமான விவாதம் நடந்தது. எட்டு மணிக்கே ஆரம்பித்தால் என்ன என்றார் டாக்டர். ஜீப்பிலிருந்து இறங்கி, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வருவதற்கே பத்து மணி ஆகிவிடும் என்று ஹார்மோனியக்காரர் சொன்னார்; அவருடைய வீட்டு ஸ்திரீகளும் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தானாம். தர்க்கத்தைச் சுருக்கலாம் என்றார் வக்கீல். வக்கீலே இப்படிச் சொன்னால் என்ன செய்வது! பபூனைச் சுருக்கலாம் என்பது நம் கட்சி. அதற்கு ஐந்நூறு ரூபாய் அன்பர் இணங்கவில்லை. சனிக்கிழமை இரவுக்கு மாற்றலாம் என்றால், அம்மனுக்குச் சாட்டிய செவ்வாய்க்கிழமையை மாற்ற ஊர்ப் பெரியதனக்காரருக்குத் துணிவில்லை.

அப்போது தமிழாசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஜீப்புகள் எல்லாம் யாருடைய எஸ்டேட்டுக்குப் போகின்றன?"

காப்பிக் கடையில் சிறிது நேரம் நிசப்தம் நிலவியது. நாற்காலியில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்களில் மூன்று பேருடைய தோட்டங்களுக்குத்தான் அன்று காலை அந்தப் பெண்களில் பெரும்பாலோர் போயிருந்தார்கள்.

வருஷத்தில் ஒரு நாள், பொங்கல் நாடகத்துக்கு மறுநாள், கூலி பிடிக்காமல் லீவு விடுவது என்று நாம் ஒரு தீர்மானத்தைப் பிரேரேபித்தோம். தமிழாசிரியர் ஆமோதித்தார். எஸ்டேட்காரர் மூவரில் இருவர் அங்கேயே சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர், தமையனாரைக் கலந்துகொண்டு அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கும் நமக்கு அழைப்பு வந்திருக்கிறது, போகத்தான் போகிறோம்.