படத்தில் நிற்பவருக்கும் பேர் உண்டு

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். இளந்தம்பதியர் இருவர் தமது மலையகப் பயணத்தைத் தாமே படமாக்கியிருந்தனர். ஹட்டனில் புகையிரதத்தை விட்டு இறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாக முச்சக்கர வண்டியில் பொகவந்தலாவைக்குப் போகிறார்கள். வழியில் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிகிறது. தெருவோரக் கடையொன்றில் ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீரும். பின்னர் பழைய துரை பங்களா ஒன்றில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இராச்சாப்பாடு. மறுநாள் காலை மனைவி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார், கணவர் படமெடுக்கிறார். பக்கத்தில் அந்தக் கூடைக்கு உரிய அம்மா, இடுப்பில் கட்டிய படங்கோடு, கூடை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று காத்து நிற்கிறார்.

அழகான காணொளிதான். பெருமளவிற்கு மரியாதையான காணொளியும்கூட. அந்தத் தம்பதியர் எவரையும் இழிவாகப் பேசவில்லை. ரொட்டி சுட்டவரைப் பாராட்டுகிறார்கள், தேயிலையின் பசுமையில் மெய்ம்மறக்கிறார்கள். இருவரின் பேரும், அவர்கள் தங்கிய பங்களாவின் பேரும், சாப்பிட்ட பண்டங்களின் பேரும் நமக்குச் சொல்லப்படுகின்றன. கூடைக்காரரின் பேர் மட்டும் சொல்லப்படவில்லை. அதைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் முதல் தடவை தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இது அந்த இருவரின் குறை அல்ல. மலையகத்திற்குள் கமரா நுழைந்த நாளிலிருந்தே தொடர்ந்து வரும் பழக்கம். அதன் ஆரம்பகால அத்தியாயம் ஒன்று, தற்செயலாக, பொகவந்தலாவையிலேயே புதைந்து கிடக்கிறது. அதுவும் ஒரு கணவன் மனைவியின் கதையே.

பொகவந்தலாவை சென்.மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரனும் அவரது கணவர் சாள்ஸ் ஹே கமரனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இலங்கையில் வரலாறு படித்தவர்களுக்குக் கணவரின் பேர் தெரிந்திருக்கும். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவர்தான். 1830களின் தொடக்கத்தில் அந்தக் குழுவின் பரிந்துரைகளால் இராஜகாரிய முறை ஒழிந்தது. காணியும் உழைப்பும் பழைய கட்டுகளிலிருந்து விடுபட்டுச் சந்தைக்கு வந்தன. அதற்குப் பின்னரே மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாகின. அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம்மவர்கள் மன்னாரில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கமரனும் இலங்கையில் காணிகள் வாங்கினார்.

மனைவி ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1838இல் அங்கேயே கமரனை மணந்தார். பின்னர் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறினர். அங்கே தமது வீட்டுக்கு இலங்கைத் தோட்டத்தின் பேரையே சூட்டி ‘டிம்போலா’ என்று அழைத்தார்கள். 1863இல், 48 வயதில், மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவுடன் ஜூலியா படமெடுக்கத் தொடங்கினார். டெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலிய பெரியோரை அவர் எடுத்த படங்கள் ஒளிப்பட வரலாற்றில் நிலைபெற்றவை. கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழிக்கத் தொடங்கிக் குடும்பத்தின் வருமானம் தளர்ந்த காலத்தில், 1875இல், இருவரும் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். அப்போது கணவருக்கு 80 வயது, மனைவிக்கு 60.

இங்கும் அவர் படமெடுத்தார். களுத்துறையில் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் அவரது கமராவின் முன் நின்றார்கள். இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. அவை உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் பேணப்படுகின்றன. முகங்கள் தெளிவாக இருக்கின்றன, பார்வையில் கண்ணியம் இருக்கிறது. படங்களின் தலைப்புகளைப் பாருங்கள்: களுத்துறைக் குடியானவர்கள், இலங்கைப் பெண், தோட்டத் தொழிலாளர். டெனிசனுக்குப் பேர் இருந்தது. ஜூலியாவின் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து, தேவமாதா வேடத்தில் அவருக்காக நின்ற மேரி ஹிலியருக்கும் பேர் இருந்தது. நம்மவர்களுக்கு ஊரும் வகையும் மட்டுமே மிஞ்சின.

அந்தக் காலத்துப் படமெடுப்பு விரலால் தட்டி முடிக்கும் காரியம் அல்ல. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். ஜூலியாவின் கமராவுக்கு முன் இருப்பவர்கள் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். எதிரே அமர்ந்திருந்தவரின் பேரைக் கேட்பதற்கு நேரம் இல்லாமற் போகவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே அந்தக் காலத்து உறவில் இல்லை. ஜூலியா 1879 ஜனவரி 26ஆந் திகதி டிக்கோயாப் பகுதியின் கிளன்கேர்ன் தோட்டத்தில் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். ஒளிப்படக் கலையை நேசிப்பவர்கள் இன்றும் அந்தக் கல்லறையைத் தேடி வருகிறார்கள். அதைச் சூழ்ந்த மலைகளில் தேயிலைக்கு உழைத்து மடிந்தோரில் பெரும்பாலானோருக்கு நடுகல்லும் இல்லை.

இனி, பேர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இருக்கும் இன்னொரு பொருளைச் சொல்ல வேண்டும். பிற ஊர்த் தமிழருக்கு இது தெரிந்திருக்காது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றே பேர். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் என்பதே எத்தனை ரூபாய் என்பதைத் தீர்மானிக்கும். 2021இல் ஒரு பேருக்கு 1000 ரூபாய் என்றும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய் என்றும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு உயர்வுக்கும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒன்றரை நூற்றாண்டாகத் தவறாமல் பேர் எழுதப்பட்ட ஒரு சமூகம், படங்களில் மட்டும் பேரில்லாமல் நிற்கிறது.

மலையகக் கணவன் மனைவியர் கமராவின் முன் சேர்ந்து உட்கார்ந்த காலம் ஒன்றும் உண்டு. ஆனால் அது உல்லாசத்திற்காக அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகை செய்தது. அக்காலத்தில் விண்ணப்பத்திற்காகவும் கடவுச்சீட்டிற்காகவும் தோட்டக் குடும்பங்கள் நகரத்து ஸ்ரூடியோக்களின் படியேறின. நீலகிரியில், தாயகம் திரும்பியோர் எனப்பட்ட குடும்பங்களின் வீடுகளில் அத்தகைய படங்களை நான் பார்த்திருக்கிறேன். கணவன், மனைவி, நடுவில் பிள்ளைகள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கோத்தகிரியில் ஒரு மூதாட்டி தகரப் பெட்டியைத் திறந்து அப்படியொரு படத்தை எடுத்துத் தந்தார். அவருக்கும் காலஞ்சென்ற கணவருக்கும் பொதுவாக இருந்த ஒரே படம் அது. “கல்யாணத்துக்குக்கூட படம் புடிக்கல தம்பி. கப்பலுக்குத்தான் புடிச்சோம்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை. ஒரு தம்பதியின் வாழ்நாளில் எஞ்சிய ஒரே படம், அவர்களை ஊரைவிட்டு அனுப்புவதற்காக எடுத்த படம்!

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பயணக் காணொளிகளால் பொகவந்தலாவையை உலகம் அறிகிறது, கடைக்காரருக்கும் முச்சக்கர வண்டிக்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறது, இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் இல்லை. பயணம் செய்பவர்கள் அழுகை முகத்தோடு வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் தாம் சாப்பிட்ட ரொட்டியை விவரிக்க மூன்று நிமிடம் செலவிடுபவர், அந்த ரொட்டியே தோட்டத்து லயத்தில் ஏன் அன்றாட உணவானது என்று அரை நிமிடம் கேட்டிருக்கலாம். விடியுமுன் அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்கு ஓடுகிறவளுக்குக் கோதுமை மாவு ரொட்டியே கைகொடுக்கும். மத்தியானம் மலையில் நின்றபடி சாப்பிடலாம், வயிற்றிலும் நேரம் தங்கும். அந்த ரொட்டியின் ருசியைப் பேசுகிறவர் அதன் காரணத்தையும் தெரிந்துகொண்டால் காணொளிக்கும் சுவை கூடும்.

லயத்து இஸ்தோப்பில் காயும் துணிகளையும் வாசலில் நிற்கும் பிள்ளைகளையும் கேட்காமல் படமெடுப்பது இன்னொரு சங்கதி. ஒரே காம்பராவில் ஒரு குடும்பமே வாழும் இடத்தில், வாசல்தான் அவர்களுடைய முன்னறை. கொழும்பிலோ சென்னையிலோ ரொறன்ரோவிலோ ஒரு வீட்டின் முன்னறைக்குள் கமராவோடு கேட்காமல் நுழைய எவரும் துணியமாட்டார்கள். இங்கு மட்டும் ஏன் துணிகிறோம்? காணி அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதால், வாசலும் சொந்தமில்லை என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. காணியுரிமைக் கோரிக்கையோடு சேர்த்து எண்ண வேண்டிய விடயம் இது.

பயணிகளிடம் நான் கேட்பது அதிகம் அல்ல. படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள், பேர் கேளுங்கள். அவர் விரும்பினால் அந்தப் பேரைப் படத்தோடு சேருங்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஆனால் என் முக்கியமான வேண்டுகோள் பயணிகளிடம் அல்ல. தோட்டத்தில் பிறந்து, இன்று கையில் தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளிடம். தம் சமையலையும் கோயில் திருவிழாவையும் மலையகத்து இளந்தம்பதியர் சிலர் தாமே படமாக்கத் தொடங்கியிருப்பதைக் காண்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்கள் துரை பங்களாவை மட்டும் பின்னணியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை எடுங்கள். நிறுவை முடிந்து அம்மா வருவதை எடுங்கள். அப்பா அடுப்படியில் வெங்காயம் உரிப்பதை எடுங்கள். எடுத்ததைத் தொலைபேசியில் விட்டுவிடாமல் கடையில் கொடுத்து அச்சிட்டு, பின்பக்கத்தில் பேர், தோட்டம், பிரிவு, திகதி ஆகியவற்றைப் பேனாவால் எழுதி வையுங்கள். கொட்டியாகலையிலோ பொகவானையிலோ ஒரு லயம் இடிக்கப்பட்ட பிறகு, அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தப் படம் சாட்சியாகும். பத்திரம் இல்லாததால் ஒரு சமூகம் பட்ட பாட்டை நாம் 1948 முதல் அறிவோம்.

நண்பருக்குப் பதில் எழுதினேன். காணொளி நன்றாக இருக்கிறது, அந்தத் தம்பதியரைத் தெரியுமானால் கூடைக்கார அம்மாவின் பேரைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று வினவினேன். அவர்களிடமே கேட்டதாகவும், அவர்களுக்குத் தெரியவில்லை என்றும் அவர் எழுதினார். அடுத்த முறை போகும்போது அவரைத் தேடிப் பேரைக் கேட்டு வருவதாக அவர்கள் சொன்னார்களாம். போவார்கள் என்று நம்புகிறேன்.