உறுமிய கிதார்

மோட்டார் சைக்கிள் படம் என்றால் வண்டியில் பறக்கும் நடிகரின் முகம்தான் நினைவுக்கு வரும். இசைத்தவரை யார் நினைக்கிறார்கள்?

அமெரிக்காவில் 1966-ம் ஆண்டு "தி வைல்டு ஏஞ்சல்ஸ்" என்ற படம் வெளிவந்தது. பீட்டர் போண்டா கதாநாயகன். படத்துக்கு வேகம் கொடுத்ததோ டேவி ஆலன் என்ற இளைஞரின் கிதார்!

சிறு மின்கருவி மூலம் கிதார் ஒலியை அவர் கரகரப்பாக்கினார். என்ஜின் போலவே கம்பி உறுமியது. பாட்டு வரிகளே இல்லாத அந்த "புளூஸ் தீம்" இசைத்தட்டு, 1967-ல் "பில்போர்டு" பத்திரிகைப் பட்டியலில் 37-வது இடம் பிடித்தது. அதே ஆண்டில் "டெவில்ஸ் ஏஞ்சல்ஸ்" படத்திலும் அவர் கிதார் ஒலித்தது.

1969-ல் "ஈஸி ரைடர்" வந்தது. போண்டா உலகப் புகழ் பெற்றார். அதில் ஒலித்தவை வேறு கலைஞர்களின் பாடல்கள்.

இது நியாயமா? ஓடியது வண்டி மட்டும் அல்ல, கிதாரும்தான். சுவரொட்டியில் நடிகர் பெயருக்குக் கீழே, வாசித்தவர் பெயருக்கும் ஓர் இடம் வேண்டும்.