உழைக்கும் இடத்தைக் காப்போம்

வேலை செய்யும் இடத்தைப் பேணுவது முதலாளியின் பொறுப்பு, நமக்கென்ன என்பார் நம்மில் பலர். குமுளியில் வாழும் நாம் அவ்வாறு கூறலாகாது. மாறான பாடம் நம் ஊரிலேயே இருக்கிறது.

பெரியாற்றுக் காடு 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. அங்கே வயணை என்னும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைக் களவாக உரித்து விற்றுப் பிழைத்தோர் சிலர் இருந்தனர். வழக்குகள் அவர்களைத் திருத்தவில்லை. 1998-இல் வன இலாகா அவர்களையே காவலராக்கியது. பட்டை உரித்தவர்களே பிரயாணிகளுக்கு வழிகாட்டி ஊதியம் பெற்றனர். களவு வழிகளை அறிந்தவர்களே களவைத் தடுத்தனர். 2002-இல் 'வசந்த சேனை' என்னும் பெண்கள் குழு தோன்றிற்று. அப்பெண்கள் கூலி பெறாமலே முறைவைத்துக் காட்டைச் சுற்றிக் காவல் புரியலாயினர். காடு அழிந்தால் பிழைப்பும் அழியும் என்று உணர்ந்தமையே இதற்குக் காரணம்.

ஏலத் தோட்டங்களில் உழைக்கும் நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மருந்து தெளித்தபின் காலிப் புட்டியை ஓடையில் எறிந்தால், அந்நீர் கீழேயுள்ள குழந்தைகளின் குடத்தில் வந்து சேரும். காலிப் புட்டிகளை நீர்நிலை கெடாவண்ணம் அகற்ற வேண்டும், தெளிப்போர்க்குக் காப்புடை வேண்டும் என்பவை 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளிலேயே எழுதப்பட்டவை. கேட்பார் இல்லாவிடில் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

தனியொருவர் கேட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சம் இயல்பே. ஆதலின் பத்துப் பேர் கூடிச் சென்று, பணிவுடன், ஆனால் உறுதியுடன் மேஸ்திரியிடம் கேட்பீர்களாக. புட்டிகளைச் சேர்த்துவைக்க ஓர் இடம் முதலில் கேளுங்கள். கையுறையும் முகமூடியும் அடுத்துக் கேளுங்கள். ஓடையில் எறிவதை நாம் இன்றே நிறுத்தலாம். அதற்கு எவர் உத்தரவும் வேண்டியதில்லை.