பிள்ளை வாய் திறக்கும் வேளை

சென்ற திங்கள் அல்சூரிலிருந்து ஓர் அன்னையார் நமக்குக் கடிதம் வரைந்திருந்தார். பதின்மூன்று வயது மகன் சில மாதங்களாக யாரிடமும் பேசுவதில்லை. ஒருநாள் தமக்கையின் உடையை அணிந்து கண்ணாடி முன் நின்றதைத் தந்தை கண்டு கை ஓங்கிவிட்டார். ‘ஊருக்கு அனுப்புவோம், மாமன் அடித்துத் திருத்துவார்’ என்கிறாராம். ‘நான் என்ன செய்வது?’ என வினவுகிறார் அன்னையார். இது ஒரு வீட்டின் வினா மட்டும் அன்று. ஆதலின் இப்பகுதியிலேயே விடை கூறுகின்றோம்.

‘நான் யார்?’ என்பதே இப்பருவத்தின் தலையாய தேடல் என்று உளநூலறிஞர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ கூறக் குழந்தை மூன்று வயதளவிலேயே கற்றுவிடுகிறது. உடல் மாறத் தொடங்கும்போது அவ்வுணர்வு மீண்டும் கிளர்கிறது. மீசை அரும்புவது ஒருவனுக்குப் பெருமை. மற்றொரு பிள்ளைக்கோ தன் உடலே தனக்குப் பகையானாற் போன்ற துயரம். ஊரில் இருந்தால் பாட்டியிடமோ அத்தையிடமோ சொல்லி ஆறலாம். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றோரை விட்டால் வேறு செவி ஏது?

உடுத்திப் பார்த்த ஓர் உடையைக் கொண்டு எம்முடிவுக்கும் வருதல் ஆகாது. கோலமிட விரும்பும் சிறுவரும் கிரிக்கெட் ஆடும் சிறுமியரும் பலர். ஆயின், சிலருக்கு அவ்வுணர்வு ஆண்டுகள் கடந்தும் மாறாது நிலைபெறுகிறது. இன்னது என்பதைக் காலமும் பிள்ளையின் வாய்ச்சொல்லுமே காட்டும், பிரம்பு காட்டாது.

பிரம்பு என்ன செய்யும் என்பதை எழுத்தாளர் அ. ரேவதியின் வாழ்வு உரைக்கிறது. நாமக்கல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட அவர், தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தார். பள்ளியிலும் வீட்டிலும் அடிபட்டார். பதின்பருவத்திலேயே தில்லிக்கு ஓடினார். திரும்பி வந்தபோதும் அடியே காத்திருந்தது. அடி அவர் உள்ளத்தை மாற்றவில்லை. வீட்டை விட்டு வெளியேற்றியது. பின்னர் இதே பெங்களூரில் சங்கமா என்னும் அமைப்பில் பணியாற்றி, தம் போன்றோர்க்காக உழைத்தார். ‘வெள்ளை மொழி’ என்னும் அவரது தன்வரலாற்றைப் பெற்றோர் ஒருமுறை படித்தல் நன்று.

இவ்வுணர்வு நோய் அன்று. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற நோய் வகைப்பாடு, இதனை மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கியது. மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. நமக்கும் இது புதிய செய்தி அன்று. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் சொற்களுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், அவரை உயர்திணையில்தான் வைத்தார். மக்கள் என்று தமிழ் இலக்கணம் ஏற்றவரை, வீட்டில் மகவு என்று ஏற்கத் தயங்கலாமா?

ஆகவே, அன்னையீர்! மகனை ஊருக்கு அனுப்ப வேண்டா. இரவு உணவுக்குப்பின் அவனருகே அமருங்கள். ‘என்ன செய்தாய்?’ என்று கேளாமல், ‘உன் மனத்தில் என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். அவன் சொல்வதை இடைமறியாது கேளுங்கள், சொல்லாவிடின் காத்திருங்கள். அவன் சொன்னதை அவன் இசைவின்றி உறவினரிடம் உரையாதீர்கள். உண்ணாமை, உறங்காமை, உயிர்மீது வெறுப்பு ஆகியன கண்டால் நாள் கடத்தாது, ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையை நாடுங்கள். 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

தந்தையாருக்கும் ஒரு சொல். தங்கள் மகன் நாளை எவராக வளர்வான் என்பதை இன்று நாமறியோம். எவராக வளர்ந்தாலும் அவன் திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டும். அவ்வீட்டின் கதவு தங்கள் கையில் இருக்கிறது.